சூளைக்குப் பூட்டிய விசிறி

கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு மின்சூளை வந்ததிலிருந்து, மண்சாடி சுடும் பிரியாந்தினிக்கு அதன் புகையில் மூச்சு முட்டியது. நெஞ்சு ஓயாமல் விசிலடித்தது. பொறுக்கமாட்டாமல் கணவன் சுஜந்தன் சூளையின் அடியில் துளையிட்டு, அலுமினியக் குழாய் மாட்டி, அதன் மறுமுனையில், சமையல் புகையை வெளியே இழுக்கும் பழைய குசினி விசிறியை யன்னலில் பூட்டினான். சோதித்துப் பார்க்க, வெறும் சூளையின் மூடித்துளையருகே ஊதுபத்தியைப் பிடித்தான். புகை உள்ளே போனது.

“நல்லா இழுக்குதப்பா!”

“நான் இன்னும் பிளக்கைப் போடேல்லையே,” என்றாள் பிரியாந்தினி. விசிறியின் வயர் அவள் கையில் இருந்தது.

காற்றாக இருக்குமென்று கதவைச் சாத்திவிட்டு மறுபடி பிடித்தான். புகை உள்ளே போனது, சற்று நின்றது, அதே துளையால் வெளியே வந்தது. மீண்டும் உள்ளே போனபோது சூளைக்குள் மெல்லிய விசில் கேட்டது.

“இஞ்ச பாருங்கோ, என்ர நெஞ்சுச் சத்தம் நிண்டிட்டுது,” என்று சிரித்தாள் அவள்.