ஓரத்தில் எழுதினது ஆர்?

"வெக்கமில்லையோ உமக்கு? நாப்பது வயசிலை, சின்னப்பிள்ளையளின்ரை கதைப் புத்தகத்திலை கிறுக்கிறீர்!"

நூலகர் அற்புதராணி 'நீலக்குகை இளவரசி'யை மேசையில் தொப்பென்று போட்டார். எதிரே சிவரூபன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

உடுப்பிட்டிப் பிள்ளை நிவேதனா எழுதின முதல் நாவல் அது. நூலகத்துக்கு வந்து மூன்று கிழமை. இதுவரை இரவல் எடுத்தது சிவரூபன் ஒருவன்தான். இப்போது ஓரமெல்லாம் நீலப் பேனை.

இளவரசி குகைக்குள் நுழையும் இடத்தில்: 'அடி விசரி, ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போ!'

இளவரசன் ஏழு நாள் பட்டினியோடு வாள் சுழற்றும் இடத்தில்: 'சீனி இறங்கப் போகுது. முதல்லை ஒரு தேத்தண்ணி குடுங்கோ.'

மந்திரி புன்னகைக்கும் இடத்தில்: 'உவன்ரை சிரிப்புச் சரியில்லை.'

கெட்ட நேரத்துக்கு, தன் புத்தகம் இறாக்கைத் தட்டில் இருக்கும் அழகைப் பார்க்க நிவேதனாவே வந்து நின்றாள். அற்புதராணி ஒளிப்பதற்குள் அவள் விரித்துப் பார்த்துவிட்டாள். முகம் வாடிப்போனது.

"பாத்தீரோ, பிள்ளை அழப்போகுது! எடும் உம்மடை அங்கத்துவ அட்டையை. ரத்து!"

"மிஸ், எழுதினது நான்தான். சொன்னது நானில்லை."

"பின்னை ஆர், பேயோ?"

"ஆறாம் வாட்டு."

"என்ன?"

"அண்ணை மோட்டச்சைக்கிளாலை விழுந்து, கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியிலை. பொழுது போகட்டும் எண்டு பின்னேரத்திலை வாசிச்சுக் காட்டினன். பக்கத்துக் கட்டிலெல்லாம் காதைக் குடுக்கத் தொடங்கீட்டுது. ஆளாளுக்கு ஒண்டு கத்திச்சினம். 'எழுதடா, அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும்' எண்டு ஒரே ஆக்கினை, மிஸ்."

நிவேதனா நிமிர்ந்தாள்.

"பக்கத்துக் கட்டில் மரியரட்ணம் ஐயாவுக்கு முந்தநாளே வீட்டை போகலாம் எண்டு துண்டு வெட்டியாச்சு, தங்கச்சி. கதை முடியாமல் போகமாட்டாராம். கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறார். இன்னும் பாதி கிடக்கு. அதுதான் திரும்பவும் எடுக்க வந்தனான்."

நிவேதனாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"மந்திரி கெட்டவன் எண்டு என்ரை அம்மாவே கண்டுபிடிக்கேல்லை, அண்ணை!"

ஆசை ஆசையாய்ப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"இது மட்டும் பென்சில். 'பாவி, அவளை ஏனடி சாக்காட்டினனி?' எண்டு கிடக்கு. இது எந்தக் கட்டில், அண்ணை?"

"என்னது, இளவரசி சாகிறாளோ?" சிவரூபன் அலறினான். "நாங்கள் இன்னும் அந்தப் பக்கத்துக்கே வரேல்லையே!"

அற்புதராணி மேசையில் கிடந்த பென்சிலை மெல்ல எடுத்து, இலாச்சியை இழுத்து உள்ளே போட்டு மூடினார்.