உரக்கச் சொன்ன பெயர்

1774ஆம் ஆண்டுத் தேர்தல். ஹார்லெக் கோட்டை வாசலில் பலகை மேடை போட்டிருக்கிறார்கள். கடல் பக்கமிருந்து வரும் வெளிச்சம் சாம்பல் நிறத்தில், ஈரமாக எல்லார் முகத்திலும் படிந்திருக்கிறது. குடியானவர் எட்னிவெட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மேடையேறுகிறார். யாருக்கு ஓட்டு என்பதை எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேட்பாளர் சர் ரோலண்ட் நீல ரிப்பன் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எட்னிவெட் உழுவது அவருடைய நிலத்தைத்தான். போன குளிர்காலத்தில், திருட்டுத்தனமாக முயல் பிடித்த குற்றத்துக்காக எட்னிவெட்டின் மகன் இத்தல் என்பவனைப் போர்க்கப்பலுக்கு அனுப்பிய நீதிபதியும் அவர்தான். இத்தல் காய்ச்சலில் செத்துப்போனான், கடலில் போட்டுவிட்டோம் என்று பிறகு ஒரு கடிதம் வந்தது.

"யாருக்குய்யா உன் ஓட்டு?" எழுத்தர் பேனாவை மையில் தொடுகிறார்.

"சர் ரோலண்டுக்கு."

"காதுல விழல. சத்தமாச் சொல்லு."

"என்னய்யா, வாயில கஞ்சியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்துகிறான். சிரிப்பு எழுகிறது. எட்னிவெட் மறுபடியும் சொல்கிறார். காகிதத்தில் பேனா கீறுகிறது. சர் ரோலண்ட் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். கையுறை மெத்தென்று, வெதுவெதுப்பாக இருக்கிறது.

"ரொம்ப சந்தோஷம். வீட்ல பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியங்க ஐயா," என்கிறார் எட்னிவெட்.