நீலப் பூ

“ஊசி போட்டா பச்சிலை முறிஞ்சிடும்னு வைத்தியர் சொல்லிட்டாரில்ல? அப்புறம் இன்னா சும்மா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னு?” என்றாள் தனக்கோடி.

மருமகள் வினோதினி, பாயில் கிடந்த மாமனாரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியசாமி ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவும்போது திருக்கை மீனின் முள் குத்தி அன்றோடு ஆறு நாள். பாதம் கறுத்து, கறுப்பு கணுக்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது. தனக்கோடி முந்தானையால் மூக்கை மூடியபடிதான் புருஷனுக்கு விசிறினாள். வாடையெல்லாம் ஒன்றுமில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அக்கம்பக்கத்துக்கும் மூக்கு இருந்தது.

“இன்னும் ரெண்டு நாள் போனா காலையே எடுக்கணும்பாங்க அத்தே. நீங்க சொன்னாத்தான் மாமா வருவாரு.”

அது நிஜம். பெரியசாமி நாற்பது வருஷமாகப் பெண்டாட்டி சொல்லைத் தாண்டியதில்லை. தனக்கோடியோ அங்கமுத்து வைத்தியர் சொல்லைத் தாண்டமாட்டாள்.

வைத்தியர் வந்தார். தும்பைப்பூ வெளுப்பில் வேட்டி. அந்த வேட்டிக்காகவே குப்பத்தில் பாதிப்பேர் அவரை நம்பினார்கள். மீதிப்பேர், பாதிப்பேர் நம்புகிறார்களே என்று நம்பினார்கள். கையில் வாழையிலைப் பொட்டலம். மருந்தை எப்போதும் அரைத்தேதான் கொண்டுவருவார். என்ன செடி என்று கேட்டால், ‘பேரைச் சொன்னா பலிக்காது.’

வினோதினி ஒரு தாளை நீட்டினாள். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை.

“பழைய மூலிகைப் புத்தகத்துப் படம் வைத்தியரே. முந்நூறு வருஷத்துக்கு முன்ன டச்சுக்காரங்க போட்டதாம். கல்லறை பாக்க வந்த அம்மா ஒருத்தங்க குடுத்தாங்க. அந்தக் காலத்துல படத்தை அச்சடிச்சிட்டு, ஒவ்வொண்ணுக்கும் கையாலயே வர்ணம் பூசுவாங்களாம். விஷத்துக்கு இந்தச் செடின்னு போட்டிருக்குது. நீங்க அரைக்கிறது இதானா?”

தனக்கோடி எட்டிப் பார்த்தாள். வேர் முதல் நுனி வரை ஒரு செடி. கணுவுக்குக் கணு உருண்டை உருண்டையாக நீலப் பூ. மருமகளின் விரல் நுனியிலும் நீலம் ஒட்டியிருந்தது. துணிக்கு நீலம் போட்ட கையை ஒழுங்காகக் கழுவத் தெரியாதவள், வைத்தியருக்குப் பரீட்சை வைக்க வந்துவிட்டாள்.

வைத்தியர் தாளைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்சம் கிட்டே, கொஞ்சம் தூரே.

“பாத்தியா தனக்கோடி? டச்சுக்காரனே எழுதி வெச்சிட்டுப் போயிருக்கான். இதேதான்.”

“பேரைச் சொல்லக் கூடாதுன்னீங்களே?” என்றாள் வினோதினி.

“பேரைத்தாம்மா சொல்லக் கூடாது. பூவைச் சொல்லலாம். லைட்ஹவுஸுக்கு அப்பால ஒரே ஒரு எடத்துலதான் கீது. விடியக்காலைல குளிச்சிட்டு, யார்கிட்டயும் பேசாம போய்ப் பறிக்கணும். உங்க கண்ணுக்கெல்லாம் ஆப்டாது.”

“இன்னைக்கும் பறிச்சீங்களா?”

“இதோ, இந்தக் கையாலதான்.”

“பூ நீலமாத்தான் இருந்துச்சா?”

“இதே நீலம். இருபது வருசமாப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?”

“போதுமாடி?” என்றாள் தனக்கோடி.

வைத்தியர் பொட்டலத்தைப் பிரித்தார். பெரியசாமி பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினார். வினோதினி எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் தனக்கோடி நினைத்தாள்.

வேலியோரத்திலிருந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி வந்து, படத்தின் மேல் வைத்தாள் வினோதினி. அதே இலை. அதே கணு. அதே உருண்டை. வைத்தியரின் கை பச்சை விழுதோடு அப்படியே நின்றது.

“இது தும்பையாச்சேடி” என்றாள் தனக்கோடி. “தும்பை வெள்ளையால்ல பூக்கும்? படத்துல நீலமா இருக்குது?”

“அந்தம்மா குடுத்தப்ப படத்துல வர்ணமே இல்ல அத்தே. காலைல நம்ம பாப்பாவோட கலர் பெட்டியை எடுத்து நான்தான் பூசினேன்.”

தனக்கோடி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். “எழுந்திருய்யா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றாள்.