ரெ.மு.

துப்புரவு மேஸ்திரி அந்தப் பெட்டியை மேசையின் நடுவில் வைத்ததும், பேசிக்கொண்டிருந்த சுகாதார அதிகாரி பாதியில் நின்றுவிட்டார்.

தெர்மோகோல் சாப்பாட்டுப் பெட்டி. சேறு காய்ந்து பழுப்பேறியிருந்தது. மற்றபடி முழுசாக இருந்தது.

நகரசபைக் கூட்ட அறையில் அன்று ஒரே ஒரு விஷயம்தான். இந்தப் பெட்டிகளைத் தடை செய்வதா, வேண்டாமா? செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அதிகாரி. ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வீட்டில் காத்திருக்க ஆளில்லாததால்தான் மனுஷர் கூட்டத்தை இப்படி இழுக்கிறார் என்று நகரசபைத் தலைவி ஆரம்பத்திலேயே கேலி செய்திருந்தார்.

வேண்டாம் என்று சொல்ல வந்தவள் நான். எதிர்த்தெருவில் என் நூடுல்ஸ் கடை. நானும் தம்பியும் நடத்துகிறோம். அட்டைப் பெட்டியில் ஊற்றிய சூப், வாங்கியவர் படி இறங்குவதற்குள் அவர் சட்டையில் இறங்கிவிடும். மதிய நேரத்துப் பார்சலை நம்பித்தான் கடையே இருக்கிறது. அது போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அரை மணி நேரத்தில் தூக்கிப் போடுகிற பெட்டிமேல் அதிகாரிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சபையிலேயே கேட்டுவிட்டேன்.

கோபம் பெட்டிமேலா, என்மேலா என்று கேட்கவில்லை.

வடிகாலைத் தூர்வாரும்போது ஆளுயரச் சேற்றுக்கு அடியில் கிடைத்ததாம். வீசப் போன மேஸ்திரி, மூடியின் நாக்கு மாட்டியது மாட்டியபடியே இருப்பதைப் பார்த்து நின்றிருக்கிறார். திறக்காத பார்சல். பசிக்கு வாங்கியதை எவனாவது திறந்துகூடப் பார்க்காமல் போடுவானா என்று அவருக்கு அன்று முழுக்க வேலையே ஓடவில்லையாம்.

தலைவி கைக்குட்டையை நனைத்து மூடியைத் துடைத்தார். எழுத்து தெரிந்தது. தெர்மோகோலில் பேனா வைத்தால் பள்ளம் விழும். மை போனாலும் பள்ளம் போகாது.

‘ரெ.மு.’

கீழே எங்கள் கடையின் பழைய முத்திரை, மங்கலாக. அந்த முத்திரையை மாற்றிப் பதினேழு வருஷம் ஆகிறது.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரோ ஒருவரின் இனிஷியல் என்றார் கணக்கர். ‘ரெண்டாம் முறை’யாக இருக்கும் என்றார் மேஸ்திரி. தலைவி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

எனக்குத் தெரியாமல் என்ன? என் கையெழுத்து. பெயர் தெரியாத வாடிக்கையாளர்களுக்கு நாங்களே பெயர் வைத்து, அதைத்தான் மூடியில் எழுதுவோம். தினமும் நூடுல்ஸில் இரண்டு முட்டை கேட்கும் ஓர் எழுத்தர் இருந்தார். பார்சல் தயாரானதும் ‘ரெட்டை முட்டை’ என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி தம்பி கத்துவான்.

அதிகாரியின் காது சிவந்திருந்தது.

அது தன்னுடைய பெட்டிதான், ‘ரெட்டை முட்டை’ என்று கூப்பிட்டது தன்னைத்தான் என்று அவரே எழுந்து ஒப்புக்கொண்டார். அறை முழுக்கச் சிரித்தது. இங்கே எழுத்தராக இருந்தபோது, அந்தப் பார்சலை வாங்கிய மதியம் திடீரென்று மாற்றல் உத்தரவு வந்ததாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் பார்சல் கைதவறி வடிகாலில் விழுந்துவிட்டதாம். குனிந்து பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. வழியெல்லாம் பட்டினி. சொல்லிக்கொள்ளாமல் போனவன் என்ன முகத்தோடு போய் நிற்பது என்றுதான் இந்த மூன்று மாதமாகக் கடைப்பக்கமே வரவில்லையாம்.

எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பார்சலைக் கொடுத்த மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பதினேழு வருஷமாக நான் அவரைத் திட்டாத திட்டில்லை. வந்த வரன்களையெல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். கடைசியில் பார்த்தால், மனுஷர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கத் தலைவிக்கு ஆசை. அத்தனை தலைகளும் மேசைப்பக்கம் சாய்ந்தன.

“திறக்காதீங்க,” என்றேன்.

வழக்கு தோற்றுவிடும் என்று பயப்படுகிறேன் என நினைத்திருப்பார்கள். அது எப்போதோ படுத்துவிட்டது. பதினேழு வருஷம் சேற்றில் கிடந்தும் மூலைகூட உடையாத பெட்டியை வைத்துக்கொண்டு நான் இன்னும் என்ன வாதாடுவது?

அதிகாரி நாக்கை நெம்பித் திறந்தார்.

முட்டையும் நூடுல்ஸும் ஒரு பிடி கறுப்புத் தூளாகியிருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. மூடியின் உட்புறத்தைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாக மூடினார்.

சாப்பாடு மக்கிவிட்டது, பெட்டி மக்கவில்லை என்று மட்டும் சபைக்குச் சொன்னார்.

தலைவி என் பதிலைக் கேட்டார். தடைக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். சூப் ஒழுகாத பெட்டிக்குச் சபைதான் வழிசெய்ய வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டேன். மனசு எந்த நிலையில் இருந்தாலும் கடை கடைதான்.

கைகள் உயர்ந்தன. தடை நிறைவேறியது. எந்தக் கடையிலிருந்து தொடங்குவது என்று தலைவி கேட்டார்.

அதிகாரி பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மூன்று மாதத்தில் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

“உங்க கடையிலிருந்தே ஆரம்பிக்கலாம். நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வர்றேன்.”

மூடிக்குள்ளே, பேனாவை அழுத்திப் பிடித்து நான் எழுதியிருந்தது ஒரே வரி.

‘நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க, பேசணும்.’