வீட்டுக்காரி கேட்டால்

"பிள்ளைக்கு என்ன வேலை எண்டு வீட்டுக்காரி கேட்டால் என்ன சொல்லுவியள், அப்பா?"

"வங்கியிலை" என்றார் சரவணமுத்து.

பிரியவதனி நெற்றியில் கையை வைத்தாள். "காப்புறுதிக் கொம்பனி, அப்பா. இதோடை மூண்டாம் தரம் சொல்லுறன்."

வீட்டில் இருந்த ஒரேயொரு கதிரையில் அவள் இருந்தாள். சரவணமுத்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தியிருந்தார். மடியில் ஒரு கொப்பி. நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்த கை அது. 'காப்புறுதி' என்று எழுதி முடிப்பதற்குள், இருந்த ஒரு கோப்பையில் அவளுக்கு ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

ஐந்து வருடமாகக் கொழும்பில் நாலு பெட்டைகளோடு ஒரே அறையில் காலம் தள்ளுகிறாள் பிரியவதனி. இப்போதுதான் வெள்ளவத்தையில், ஆறாம் மாடியில், தனக்கென்று சின்னதாக ஒரு வீடு கண்டுபிடித்திருந்தாள். வாடகையைச் சொன்னால் ஊரில், இந்த வேலணையில், ஒருவரும் நம்பமாட்டார்கள். அதைக்கூட எப்படியோ சமாளித்துவிடுவாள். சிக்கல் வேறு.

"மூண்டு வீடு கைவிட்டுப் போட்டுது. தனிய இருக்கிற பொம்பிளைப் பிள்ளைக்குக் குடுக்க ஏலாதாம். இந்த மனிசி மட்டும்தான் 'தகப்பன் இருக்கிறாரோ' எண்டு கேட்டவ. ஓம் எண்டன். 'அப்ப கூட்டிக்கொண்டு வாங்கோ, கதைச்சுப் பார்த்துத்தான் திறப்புத் தருவன்' எண்டிட்டா."

"ஒரு திறப்புக்கு இவ்வளவு பாடோ?"

"வேலை முடிஞ்சு வந்து, என்ரை திறப்பாலை என்ரை கதவைத் திறக்கவேணும். வாசலிலை என்ரை செருப்பு மட்டும் கிடக்கவேணும். அவ்வளவுதான் அப்பா எனக்கு."

சரவணமுத்து தன் வாசலைப் பார்த்தார். அங்கே எப்போதும் ஒரு சோடிதான் கிடக்கும். இன்றைக்கு இரண்டு சோடி கிடந்தன.

அவள் பையிலிருந்து ஒரு நீலச் சேட்டை எடுத்து நீட்டினாள். பூச்சி உருண்டை மணந்தது. போட்டுப் பார்த்தார். தோள் இரண்டும் வழிந்தன. அவள் கொஞ்சநேரம் அவரையே பார்த்துவிட்டு வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வடிவில்லையோ, பிள்ளை? நீர் சொன்னால் கையை மடிச்சு விடுறன்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 'நீர்' வேண்டாம். 'நீ' எண்டு சொல்லுங்கோ. கொழும்பு ஆக்களுக்கு எங்கடை 'நீர்' விளங்காது."

"வாயிலை வருகுதில்லை."

"வரும். அடுத்தது, பிள்ளை பிறந்தது எப்ப?"

"மார்கழி."

"ஓகஸ்ட் பதினேழு. உப்பிடிச் சொன்னால் வீட்டுக்காரி ரெண்டு பேரையும் படியாலை உருட்டி விடுவா, அப்பா."

"ஆறாம் மாடி எண்டனீர். உருண்டு முடியக் கனநேரம் எடுக்கும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பிள்ளை மச்சம் காய்ச்சுவாளோ எண்டு கேட்பா."

"வெள்ளிக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும்."

"அவ சைவம், அப்பா. காய்ச்சவே மாட்டாள் எண்டு சொல்லவேணும். எழுதுங்கோ."

எழுதினார்.

"தனிய இருக்கப் பயப்பிடமாட்டாளோ எண்டு கேட்டால்?"

இதற்கு அவர் கொப்பியைப் பார்க்கவில்லை. "ஏழாம் வகுப்பிலை, கிணத்துக்கை விழுந்த ஆட்டுக்குட்டியை, கயித்தைப் பிடிச்சு இறங்கித் தனியத் தூக்கினவள் எண்டு சொல்லுவன்."

பிரியவதனி நிமிர்ந்தாள். "அதைப் பார்த்தனீங்களோ?"

"வேலி அடைச்சுக்கொண்டு நிண்டனான். நான் ஓடி வாறதுக்கிடையிலை நீர் மேலை வந்திட்டீர்."

"அதைச் சொல்லுங்கோ" என்றாள் மெதுவாக. "எதை மறந்தாலும் அதை மறக்காமல் சொல்லுங்கோ, அப்பா. கடைசிக் கேள்வி. உங்கடை பேர்?"

"தியாகலிங்கம்" என்றார் சரவணமுத்து, தடங்கலில்லாமல்.

பிரியவதனியின் தகப்பன் தியாகலிங்கம் கண்ணை மூடிப் பதினொரு வருடமாகிறது. அந்த நீலச் சேட்டும் அவருடையதுதான். ஆண்துணை என்று சொல்ல அந்த வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அவருடைய காணிக்கு வருடாவருடம் வேலி அடைத்த கூலியாள்தான் சரவணமுத்து. கலியாணம் கட்டாதவர்.

பிரியவதனி எழும்பிப் பையைத் தோளில் போட்டாள். "விடிய ஐஞ்சரைக்கு பஸ். யாழ்ப்பாணத்திலை றெயின் எடுப்பம். அவவோடை ஒரு பத்து நிமிசம் கதைச்சால் காணும், பிறகு நீங்கள் ஊருக்கு வந்திடலாம். பெரிய உதவி, சரவணமுத்து அண்ணை."

அவளுடைய ஒரு கால் செருப்புக்குள் நுழைந்துவிட்டது.

"பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு. இன்னொருக்கா முதலிலையிருந்து கேளுமன்."

அவள் பெருமூச்சு விட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடியும் கதிரையில் இருந்தாள். "சரி. பிள்ளைக்கு என்ன வேலை, அப்பா?"

முதல் தரமே எல்லாம் பாடமாகிவிட்டிருந்த சரவணமுத்து, "வங்கியிலை" என்றார்.