ராக்கெட்டுக்கு ஒரு வீடு

தட்டில் மிஞ்சிய கடைசி இட்லியைப் பிட்டு நாய்க்குப் போட்டுவிட்டு, உப்பளத்து மோட்டாரைப் போடப் போனான் மணிவண்ணன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவன் திரும்பி வரவில்லை.

அவன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அந்த நாயைப் பார்க்கத்தான் சந்தியா மரக்காணத்துக்கு வந்திருந்தாள். குயிலாப்பாளையத்தில் ஆதரவில்லாத நாய்களுக்கான காப்பகத்தில் அவளுக்கு வேலை. உப்புநீர்க் கால்வாயில் தத்தளித்த குட்டியை மடியில் கட்டிக்கொண்டு அங்கே ஓடிவந்தவன் மணிவண்ணன்தான். பிழைத்ததும் ராக்கெட் என்று பேர் வைத்து, வீட்டுக்குக் கூட்டிப்போனதும் அவன்தான்.

இப்போது அவன் மனைவி அமராவதி மீன்காரம்மாவிடம் ரகசியமாகச் சொல்லியனுப்பியிருந்தாள். நாய் வேண்டாம், வந்து கொண்டுபோகச் சொல்.

மணிவண்ணனின் அண்ணன் ராஜாங்கம் கேட்டைத் திறந்து சந்தியாவை உள்ளே விட்டார். உடனே மறுபடி பூட்டிச் சாவியை மடியில் செருகினார்.

“பகல்லயே எதுக்குண்ணே பூட்டு?”

“நாய் ஓடிடும்மா.”

ஓடிப்போகிற நாயாகத் தெரியவில்லை. வந்தவளின் தோளில் முன்னங்கால்களைப் போட்டு முகமெல்லாம் நக்கியது. முற்றத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அமராவதியின் முதுகில் போய் முட்டியது.

“சீ, போ அந்தாண்ட!” முழங்கையால் இடித்துத் தள்ளினாள் அவள். அதையும் விளையாட்டு என்று எண்ணி நாய் வாலை ஆட்டியது. சந்தியா நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்தப் பொம்பளையிடமா இதை விட்டுவிட்டுப் போவது?

“குடுத்துடுங்கண்ணே. தோப்பு வச்சிருக்கிற ஒரு குடும்பம் கேக்கறாங்க. கட்டிப்போடாம வளப்பாங்க.”

“அதெல்லாம் முடியாதும்மா. தம்பி வளத்தது. அதுவுமில்லாம, காவலுக்கு இதை வுட்டா ஆள் கிடையாது.”

“இதுவா? திருடன் வந்தா டார்ச் அடிச்சு வழி காட்டுமேண்ணே!”

“வர்றவனை வுடு. போறவங்களை வுடாது.” ராஜாங்கம் சிரித்தார். “விடியக்காலம் பின்கதவு தொறந்தாப் போதும், உப்பு வார மணி கூப்புடறான்னு நெனச்சுக்கும். போன வாரம் இவ தொறந்தா. அது குதிச்ச குதி, குரைச்ச குரை, வூடே எழுந்துட்டுது. இன்னா அமராவதி, சரிதானே?”

அமராவதி தேய்த்த சட்டியையே திரும்பத் தேய்த்தாள்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. வச்சுக்கிறீங்களா, குடுத்துடறீங்களா?”

“அவளை இன்னா கேக்கற? வருஷம் திரும்பறவரைக்கும் அவ வாசப்படி தாண்டக் கூடாது. இந்த வூட்டுல எது இருக்கணும், எது போவணும்னு நான்தான் சொல்லணும்.”

சந்தியா சுற்றிலும் பார்த்தாள். மதில் மேல் கண்ணாடிச் சில்லுகள் வெயிலில் கண்ணைக் குத்தின. வெளியே போக வேண்டுமென்றால் தானும் இந்த மனிதரிடம்தான் சாவி கேட்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அமராவதி எழுந்தாள். அழுக்குத் தண்ணீரைக் கொட்டப் பின்கதவைத் திறந்தாள். நாய் குரைத்துக்கொண்டே பாய்ந்தது. காலை நீட்டிக் கதவு மூடாமல் அவள் பிடித்துக்கொண்டதைச் சந்தியா பார்த்தாள்.

பின்பக்கம் முழுக்க உப்புப் பாத்திகள். பூத்து, வாருவதற்குத் தயாராக இருந்த உப்பின் மேல் ராக்கெட் அலைந்தது. ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குத் தாவி, வழுக்கி விழுந்து, புரண்டு எழுந்து, வந்த வழியே திரும்பி ஓடியது. வெள்ளையெல்லாம் சேறு.

“புடி! புடி!” என்று வரப்பிலிருந்த பெண்கள் கத்தினார்கள். “புடிங்கடீன்னா சிரிக்கிறீங்களே!” என்று ஒருத்தி.

“அய்யய்யோ, நாளைக்கு வார்ற பாத்தி!” ராஜாங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். “உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது?”

“கை நழுவிடுச்சி மாமா” என்றாள் அமராவதி.

நாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தபோது அவர் முகத்திலும் சேறு. அதை நாய் நக்கப் பார்த்தது.

“எடுத்துட்டுப் போம்மா இந்தச் சனியனை! இப்பவே போ!” சாவியை உருவிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

சந்தியா நாயின் கழுத்தில் பட்டையை மாட்டினாள். ஆத்திரத்தை அடக்க முடியவில்லை. “நான் பாத்தேங்க்கா. வேணும்னுதானே வுட்டீங்க? உங்க வூட்டுக்காரர் உசுரா வளத்த நாய். அது மேல இவ்ளோ வெறுப்பா?”

அமராவதி கேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, நாயின் நெற்றியில் முகத்தை அழுத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

“யாருக்கும் குடுத்துடாதம்மா. விடியறதுக்குள்ள நானும் அங்க வந்துடுவேன்.”