பன்னிரண்டு பவுண்டு விசை

துப்பாக்கிக் கடைக்காரர் வெர்னான் அந்தச் சின்ன ரிவால்வரைத் திறந்து, குண்டு இல்லை என்று காட்டிவிட்டு டார்லாவிடம் நீட்டினார்.

"பிடி எப்படிம்மா இருக்கு?"

"கைக்கு அடக்கமாத்தான் இருக்கு. விசைதான் கல்லு மாதிரி."

அவள் சுண்டுவிரலால் இழுத்துப் பார்த்தாள். விசை அசையவில்லை.

"இழுக்கப் பன்னிரண்டு பவுண்டு பலம் வேணும்மா. இளக்கமா வேற எடுக்கட்டா?"

"வேண்டாம், இதையே பார்க்கறேன்."

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க உண்டா?"

"ஒரு பையன். மூணு வயசு."

"அப்ப இதுதான் சரி. எப்படியும் பூட்டித்தான் வைக்கணும். ஆனா அந்த வயசுப் பிள்ளை ரெண்டு கையால இழுத்தாலும் இது வெடிக்காது."

"நிச்சயமா?"

"முப்பது வருஷமா விக்கிறேன்மா."

வெர்னான் அரசாங்கப் படிவத்தையும் பேனாவையும் எடுத்து வைத்தார். டார்லா அதை அவர் பக்கமே தள்ளினாள்.

"நான் வாங்க வரல. போன மாசம் எங்க வீட்டுல இதே ரக ரிவால்வர் வெடிச்சுத்தான் என் தங்கச்சி செத்துப்போனா. பையன் எடுத்து விளையாடினான், வெடிச்சிருச்சுன்னு என் வீட்டுக்காரர் ஷெரிஃப்கிட்ட சொன்னாரு."

ரிவால்வரை மெதுவாகக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

"நானும் அதை நம்பி, ஒரு மாசமா என் பிள்ளையைத் தொடல."